குமரியின் வருகைப்பதிவு

எங்கள் கல்லூரியின் தாவரவியல் வகுப்பில் மனிதர்களுக்குப் பெயர் சொல்லி வருகை எடுப்பார்கள். செடிகளுக்கு நகப்பூச்சால் எடுப்பார்கள். முதலாம் ஆண்டில் மனிதர்கள் பதினெட்டுப் பேர், செடிகள் இருபத்துமூன்று பேர். காலை பத்து மணிக்கு நாங்கள் "உள்ளேன் ஐயா" சொல்லி முடித்ததும், ஆய்வக உதவியாளர் சவரியம்மாள் அக்கா நிறமில்லாத நகப்பூச்சுப் புட்டியோடு வரிசை வரிசையாக வருவார். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தில் ஒரு தீற்று. காய்ந்ததும் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் இலையின் வாய்கள் அத்தனையும் அச்சாக வந்துவிடும். அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். வாய்கள் திறந்திருந்தால் செடி வந்திருக்கிறது. மூடியிருந்தால் வரவில்லை.

புத்தகத்தில் அதற்கு இலைத்துளை என்று பெயர். அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், வெளியே வரும், கூடவே உள்ளிருக்கும் தண்ணீரும் ஆவியாகிப் போகும். சவரியம்மாள் அக்கா வாய் என்றுதான் சொல்வார். "ரெண்டு அவரை விதைய எதிரும் புதிருமா வச்சாப்ல இருக்கும். விதை உப்புனா வாய் திறக்கும், சுருங்குனா மூடிக்கிடும். அவ்வளவுதாம்ட்டி ஒங்க பாடம் பூரா" என்பார். மூன்று வருடப் பட்டப்படிப்பை இப்படி இரண்டு வரியில் முடிப்பதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. ஆனால் அது தவறு என்று இதுவரை என்னால் நிரூபிக்க முடியவில்லை.

சென்ற பருவம் வரை தொட்டிகளை எண்ணித்தான் வருகை எடுத்தார்கள். அப்படி எண்ணியதில் வெறும் மண் நிரப்பிய தொட்டி ஒன்று முதல் வகுப்பில் தேறிவிட்டது. அதற்குத் திருச்செந்தூர்ப் பக்கம் வேலையும் கிடைத்துவிட்டது. அதன் பிறகுதான் துறைத்தலைவர் தில்லைநாயகம் சார், "மூச்சு விடுபவரே வந்தவர்" என்று ஒரு விதியை எழுதி வகுப்பறைக் கதவில் ஒட்டினார். விதியில் தப்பில்லை. நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அதைப் பத்து மணிக்கு எடுத்ததில்தான் தப்பு.

என் பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்கார்பவள் குமரி. கற்றாழை. ஏழு மடல். அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறாள். அவளுடைய அக்காமார் மூன்று பேரும் பஜாரில் பொன்னுத்துரை அண்ணாச்சியின் இரும்புக்கடை வாசலில் தலைகீழாகத் தொங்குகிறார்கள். கண்ணேறு படாமல் இருக்கக் கடைவாசலில் கற்றாழையைக் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேர் மேலே, மடல் கீழே. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. வருடக்கணக்கில் பச்சையாகவே இருப்பார்கள்.

குமரி நன்றாகப் படிப்பாள். எழுத்து மட்டும் கொஞ்சம் முள்முள்ளாக இருக்கும். உள்தேர்வில் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு வாங்கினாள், நான் பதினேழு. பாடம் நடக்கும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். நான் திறந்தால் மூட மாட்டேன். எங்கள் பெஞ்சுக்குச் சராசரி சரியாக வந்துவிடும் என்று முன்பெஞ்சு பெனிட்டா சொல்வாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். தேர்வு எழுதத் தகுதியற்றோர் என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு பெயர். குமரி. மொத்த நாட்கள் தொண்ணூறு. வருகை பூஜ்யம்.

நான் நேராகத் தில்லைநாயகம் சார் அறைக்குப் போனேன்.

"சார், அவ தினமும் வர்றா. என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

"உக்காந்திருக்கலாம்மா. வந்தாளாங்கறதுதான் கேள்வி."

"உள்தேர்வு எழுதியிருக்காளே சார். இருபத்திரண்டு மார்க் நீங்கதான் போட்டீங்க."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து குமரியின் விடைத்தாளை எடுத்து முன்னால் வைத்தார். "அதையும் சேத்துத்தான் விசாரிக்கப் போறோம். வராத பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதும்? வேற யாரோ எழுதிக் குடுத்திருக்கணும். அவ பக்கத்துல உக்கார்றது யாரு, நீதானே?"

"எனக்குப் பதினேழு சார்."

"அதனாலதான் ஒன்ன விட்டு வச்சிருக்கேன்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் முடியவில்லை. மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, "விதிய மாத்தவே மாட்டேன்னு நான் சொல்லல ஜெபசீலி. காரணம் இல்லாம மாத்த மாட்டேன்னுதான் சொல்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழு கூடுது. ஆதாரத்தோட வா" என்றார்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லித்தான் எல்லோரும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டில், பள்ளியில், பஸ்ஸில். கடைசியில் அதை ஒழுங்காகச் செய்கிற ஒருத்தி வந்து உட்கார்ந்தால், அவள் வரவே இல்லை என்கிறார்கள். இதில் ஏதாவது ஒரு பக்கமாவது நியாயம் இருக்க வேண்டுமா இல்லையா?

அன்று சாயங்காலமே பஜாருக்குப் போனேன். கல்லூரிக் கடிதம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பொன்னுத்துரை அண்ணாச்சி முக்காலியில் ஏறி நின்று, வாசல் நிலைக்கு மேலே புதிதாக ஓர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மூன்று அக்காமாருக்கும் திருஷ்டிப் பூசணிக்காய்க்கும் நடுவில் ஒரு ஆள் தொங்குகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"என்னம்மா, கொடுமைக்காரனப் பாக்காப்ல பாக்க? காலேஜுல வேண்டாம்னுட்டா பிள்ளை எங்க போவும்? இங்கன ஒரு எடம் இருக்கட்டும்னு அடிக்கேன்."

"அவ படிக்கணும் அண்ணாச்சி."

"நான் மட்டும் வேண்டாம்னா சொல்லுதேன்? நாலு பேத்துல ஒருத்தியாவது நேரா நிக்கட்டும்னுதான் அனுப்பி வச்சேன்." முக்காலியிலிருந்து இறங்கிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "ஒரு நாளுகூட வரலைன்னு எழுதியிருக்காவ. வாய் மூடியிருந்துச்சாம். ஏம்மா, இந்த வெயில்ல பகல்ல வாயத் திறந்தா ஒடம்புல ஒரு சொட்டுத் தண்ணி தங்குமா? இவளுவ வம்சமே பகல்ல திறக்காது. பொழுது சாஞ்சப்பறம் மூச்சு வாங்கி உள்ள கட்டி வச்சிக்கிடுவாளுவ. பகல் பூரா வாய மூடிக்கிட்டு அத வச்சே வேலையப் பாப்பாளுவ."

"இதுக்கு ஆதாரம் கேப்பாங்க அண்ணாச்சி."

"நாக்கு இருக்குல்லா. விடியக்காலம் ஒரு மடலக் கிள்ளி வாயில வையி, புளிக்கும். சாயங்காலம் அதே மடல வையி, சப்புன்னு இருக்கும். கட்டி வச்சது தீந்துபோச்சுன்னு அர்த்தம்."

"நீங்க கிள்ளிப் பாத்திருக்கீங்களா?"

"கேட்டுட்டுத்தாம்மா கிள்ளுனேன்" என்றார். மேலே மூத்த அக்கா லேசாக ஆடினாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வகுப்பில் மற்ற செடிகள் எல்லோரும் கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள். வெளிச்சம் வந்ததும் வாயைத் திறந்து, அங்கேயே காற்றை வாங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வாய் திறந்திருக்கிற நேரத்தில் தண்ணீர் போகிறது. போனால் சவரியம்மாள் அக்கா வாளியோடு வந்து ஊற்றுகிறார். குமரியின் வம்சத்துக்கு யாரும் வாளியோடு வந்ததில்லை. அதனால் அவள் கட்டுச்சோறு கொண்டு வருகிறாள். கட்டுச்சோறு கொண்டு வருகிறவளைக் கேன்டீனில் தேடிவிட்டு, காணோம், அதனால் வரவில்லை என்று எழுதினால் அதற்கு என்ன பெயர்? நான் பஸ்ஸிலேயே இதைச் சத்தமாகக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "அநியாயம்னுதான் பேரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் சவரியம்மாள் அக்காவும் வகுப்பறையைத் திறந்தோம். செடிகள் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. தொட்டிகள் பெஞ்சிலேயேதான் இருக்கும். பூவரசு, நந்தியாவட்டை, கனகாம்பரம் எல்லோரும் வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா குமரியின் மடலில் ஒரு தீற்று இழுத்து, ஊதிக் காய வைத்து, டேப்பை உரித்து, கைவிளக்கு வெளிச்சத்தில் நுண்ணோக்கியைக் குனிந்து பார்த்தார். 

"திறந்திருக்குட்டி" என்றார். "அத்தனையும் திறந்திருக்கு."

பிறகு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "தொண்ணூறு நாளும் நான்தாம்லா முட்டை போட்டேன். ஒரு நாளாவது என்ன பிள்ளைன்னு கேட்டிருக்கலாம்."

"பத்து மணிக்குக் கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன் அக்கா" என்றாள் குமரி.

அவள் குரலை நான் அன்றுதான் கேட்டேன். கொஞ்சம் வழவழப்பான குரல். என் பக்கம் திரும்பி, "நோட்டு வேணுமா சீலி? புதன்கிழமை நீ சார்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தப்ப நாலு பக்கம் போயிருச்சு" என்றாள்.

நோட்டை வாங்கிக்கொண்டேன். மடல் ஒன்று வேண்டும் என்று கேட்டோம். "ஏழுல ஒண்ணுதானே. எடுத்துக்கோங்க. நடுவுல இருக்கிற சின்னது மட்டும் வேண்டாம், அது இப்பத்தான் வந்திருக்கு" என்றாள். வெளிமடலின் நுனியை அப்போதே வெட்டினோம். அடிப்பாகத்தைச் சாயங்காலத்துக்கு அவளிடமே விட்டுவைத்தோம். அக்கா தோலைச் சீவி, மஞ்சள் பாலை வடித்து, ஏழு தண்ணீரில் கழுவி, நுனியை ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்தார். கதவைப் பூட்டுவதற்கு முன், வழக்கமான பழக்கத்தில், வகுப்பறையில் இருந்தவர்களின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதினார். குமரி, ஜெபசீலி. நானும் அதைக் கவனித்தேன். அப்போது அதற்கு ஒரு முக்கியத்துவமும் இல்லை.

குழு என்பது இரண்டு பேர். ஒருவர் தில்லைநாயகம் சார். இன்னொருவர் மைதானத்து ஓரத்துப் புளியமரம். பணியில் மூத்தவர் என்பதால் கூட்டம் அவர் அடியில்தான் நடக்கும். ஒரு பழம் விழுந்தால் சம்மதம், இரண்டு விழுந்தால் மறுப்பு. பொழுது சாய்ந்ததும் அவர் இலைகளை மடித்துக்கொண்டுவிடுவார். அதற்குப் பிறகு எது விழுந்தாலும் செல்லாது. எனக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது.

நான் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். கட்டுச்சோறு, கேன்டீன், வாளி, வெயில், முதல் பட்டதாரிச் சான்றிதழ், எல்லாவற்றையும் சொன்னேன்.  பேசி முடித்ததும் சவரியம்மாள் அக்கா இரண்டு கிண்ணங்களை வைத்தார். ஒன்றில் காலையில் வெட்டியது, ஒன்றில் அப்போது வெட்டியது. சார் இரண்டையும் ஸ்பூனால் எடுத்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல தின்னது புளிக்கு. ரெண்டாவது ஒண்ணுமே இல்ல."

"புளிப்பைப் பத்தி ஐயாவையும் ஒரு வார்த்தை கேட்டுருங்க சார்" என்றேன்.

அக்கா மீதியை மரத்தின் வேரடியில் வைத்தார். ஒரு பழம் விழுந்தது. கொஞ்சம் காத்திருந்தோம். இன்னொன்று விழவில்லை.

தில்லைநாயகம் சார் வருகைப்பதிவேட்டைத் திறந்து, காலை பத்து மணி என்று எழுதியிருந்த முதல் பக்கத்தைப் பார்த்தார். "அப்ப நான்தான் நேரத்தைத் தப்பா வச்சிருக்கேன். பிள்ளை மூச்சு விட்டது இந்த வகுப்பறையிலதான். நான் பாத்தது வேற நேரம்." பேனாவைத் திறந்தார். "குமரிக்கு மட்டும் விலக்கு குடுத்து தேர்வு எழுத விடலாம்மா. போதும்லா?"

அங்கே நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விலக்கு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தப்பு உங்களுடையது, விலக்கு அவளுக்கா?

"விலக்கு என்ன சார் விலக்கு? அவ விதிய மீறல. நேரத்தைத் திருத்துங்க. வருகை அஞ்சு மணிக்குன்னு எழுதுங்க."

"ஒரு வகுப்புக்கு ஒரு நேரம்தாம்மா வைக்க முடியும்."

"அப்ப அந்த ஒண்ணை வைங்க."

"அடுத்த பருவத்திலிருந்தா?"

"இந்தப் பருவத்தோட முதல் நாள்லேர்ந்து. அநியாயம் முதல் நாள்லேர்ந்துதானே நடந்திருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லு ஜெபசீலி. நான் எழுதிட்டா எழுதுனதுதான்."

"யோசிச்சுட்டேன் சார்."

மேலே இலைகள் மடியத் தொடங்கியிருந்தன. அதற்குள் ஒரு பழம் விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை புதிய பட்டியல் வந்தது. வருகை நேரம் விடியற்காலை ஐந்து மணி என்றும், இது பருவத்தின் முதல் நாளிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்படும் என்றும் மேலே எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமையையும் சேர்த்து, குமரி தொண்ணூற்றிரண்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. தேர்வு எழுதத் தகுதியற்றோர் நாற்பது பேர். ஐந்து மணிக்கு மனிதர்கள் வீட்டில் இருந்தோம். செடிகள் பெஞ்சிலேயே இருந்தும் வாயை மூடியிருந்தார்கள். முப்பத்தொன்பது பேருக்கு வருகை பூஜ்யம். எனக்கு மட்டும் ஒன்று.

"நல்லா வாதாடுனட்டி" என்றாள் பெனிட்டா. "இன்னும் பத்து நிமிசம் குடுத்திருந்தா சாரையும் ஃபெயிலாக்கியிருப்ப."

பூவரசு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. எதிர்த்து மனுப் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். எழுதிப் பார்த்தேன். நான் சொல்லக்கூடிய ஒவ்வொன்றுக்கும் வெள்ளிக்கிழமை நானே பதில் சொல்லியிருந்தேன். நல்ல பதில்கள். அவற்றை உடைக்க என்னால் முடியவில்லை.

தேர்வு எழுதாதவர்களைப் பஜாரில் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். பெனிட்டாவுக்கு மருந்துக்கடை, பூவரசுக்கு ஜவுளிக்கடை, கனகாம்பரத்துக்கு பஸ் நிலையத்தில் பரோட்டாக்கடை. பொன்னுத்துரை அண்ணாச்சி என்னைக் கேட்டு வாங்கினார். அடித்த ஆணி சும்மா இருக்கிறதே என்றார். மூன்றாவது அக்காவுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் தலைகீழாகத் தொங்குகிறேன். கயிறு நல்ல கயிறு. கணுக்காலில் உறுத்தாமல் இருக்கத் துணி சுற்றியிருக்கிறார். என் துப்பட்டாவை அவர் மனைவி வந்து ஊக்கு குத்திவிட்டுப் போனார்.

முதல் நாள் பகல் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குள் உதடெல்லாம் காய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் மூத்த அக்கா, "பகல்ல மூடிக்கிடு தங்கச்சி. ஒன் பேச்சு எங்கயும் போயிராது, உள்ளதான் கிடக்கும்" என்றாள். மறுநாளிலிருந்து அப்படியே செய்கிறேன்.

தேர்வு தொடங்கிய அன்று காலை ஒன்பதே முக்காலுக்குக் குமரி, தேர்வு மையத்துக்குப் போகிற வழியில், தன் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை முன்னால் போனாள். நின்று ஏறிட்டுப் பார்த்தாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அக்காமார் மூன்று பேரும் ஆடினார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, வினாத்தாளை எனக்குத் தெரிகிற மாதிரி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் பேசினாள். எட்டாவது கேள்விக்கு அவள் எழுதிய விடையோடு எனக்கு உடன்பாடில்லை. முள்கம்பி வாங்க வந்த ஒருவர் எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இது என்ன வகை அண்ணாச்சி?"

"பாட்டனி, ஃபர்ஸ்ட் இயர்."

"கண்ணேறுக்கு நிக்குமா?"

"வாயத் திறந்துச்சுன்னா எவன் கண்ணும் கடைப்பக்கம் நிக்காது."

இப்போது அடுத்த பருவம் தொடங்கிவிட்டது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சவரியம்மாள் அக்கா நகப்பூச்சுப் புட்டியோடு பஜாருக்கு வருகிறார். என் உள்ளங்கையில் ஒரு தீற்று இழுத்து, ஊதிக் காய வைத்து, டேப்பை உரித்து, அண்ணாச்சியின் தராசு மேடையில் நுண்ணோக்கியை வைத்துப் பார்க்கிறார். "திறந்திருக்குட்டி" என்று சொல்லிப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது, ஒரு நாள்கூட விடுபடவில்லை. டேப்பின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, புளிப்பு இன்னும் சரியாக ஏறவில்லை, ஆனால் கையில் பச்சை பிடித்திருக்கிறது என்றார்.